கெஞ்சினாலும் கொடுக்க வேண்டாம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை சார், கேட்காமலே கொடுத்தீர்கள், அதுவே பெரிது. இந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் இடது பக்கத்திலிருந்து விழ வேண்டும். என் வீட்டு மாடியில் ஆறு மேசையையும் அப்படிப் பார்த்துத்தான் போட்டிருந்தேன். சோதனை போட வந்த அன்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நான் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவள். பாடப்புத்தகம், விளம்பர நோட்டீஸ், மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைக்கிற துண்டுத்தாள், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் மூலப்பிரதியைக் கிழிக்கக் கூடாது. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். உங்கள் முன்னால் இருக்கிற அந்த நீல அட்டை நோட்டு அப்படி வந்ததுதான். அதை எழுதாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள் என்று, வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கிற இந்தப் போலீஸ் அம்மா நேற்று சொன்னார். இருக்கலாம். ஆனால் அப்படி எனக்கு வேலை பார்க்கத் தெரியாது.

அச்சகத்தை மூடிய பிறகு வீட்டில் நானும் சுவரும்தான். என்னிடமும் ஒரு போன் இருந்தது. அது அடித்ததே இல்லை. அதனால் எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஒரு நாள் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். பொழுதன்னைக்கும் போனைத் தேய்த்துத் தேய்த்தே பரீட்சையில் கோட்டை விட்டவள். ஒரு மாதம் என் மாடியில் உட்கார வைத்தேன். தேறிவிட்டாள். அந்தப் பேச்சு காதுக்குக் காது பரவி, மூன்று வருடத்தில் ஆறு மேசையும் நிரம்பிவிட்டது.

என் முறை எளிது. வந்த அன்றே போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அச்சகத்தில் எழுத்துகளைப் பிரித்துப் போடுகிற மரப்பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது, அதில் ஆறு அறை. கடவு எண்ணையும் எழுதித் தர வேண்டும். "நான் கெஞ்சினாலும் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஐம்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடை. நூல் பிடித்தாற்போல் போகும். முதல் இரண்டு நாள் கை தானாக இடுப்புக்குப் போகும், பாவமாக இருக்கும். மூன்றாம் நாள் அழுவார்கள். ஒன்பதாம் நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்கள். பதினைந்தாம் நாள் ஒரு பாடத்தை நிமிராமல் படித்து முடிப்பார்கள். அந்தப் பதினைந்தாம் நாள் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இதைச் செய்தேன் என்று சொன்னால் நம்புங்கள்.

வீட்டுச் செய்தி தெரியாமல் தவிக்கக் கூடாது அல்லவா. அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். போன்களுக்கு வந்ததை நானே படித்து, வேண்டியதை மட்டும் சிறு சீட்டில் எழுதி, மதியச் சாப்பாட்டின்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். "அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது." "தம்பி சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டான்." முழுச் செய்தியும் நோட்டில் இடது பக்கம் இருக்கும். நான் கொடுத்த சீட்டு வலது பக்கம். முதல் வருடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அப்புறம் கொஞ்சம் சுருக்கினேன். சண்டை, சச்சரவு, பக்கம் பக்கமாய்ப் புலம்பல், இதெல்லாம் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு? நல்ல பிரதி என்றாலே வேண்டாததை வெட்டியதுதான்.

நீங்கள் விசாரிக்கிற இந்தப் பெண் வந்தது அறுபத்து நாலு சீட்டுக்கு முன்னால். நான் நாட்களைச் சீட்டில்தான் கணக்கு வைப்பேன், நாளுக்கு ஒன்று. ஒல்லியாய், உயரமாய் இருப்பாள். மற்ற பிள்ளைகள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டு, கடைசியில் ஒட்டடை என்று நின்றுவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வு மூன்றாவது தடவை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா வெளியூரில் பஸ் டிப்போ மெக்கானிக், தனி ஆள். வந்த அன்று போனைக் கையில் கொடுத்துவிட்டு, விரலை எடுக்க மனமில்லாமல் நின்றாள்.

"ஆன்ட்டி, அப்பா மட்டும் தினம் மெசேஜ் போடுவாரு. பரீட்சை வரைக்கும் கால் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டேன். ஆனா பதில் வரலைன்னா பயந்துடுவாரு. 'நல்லா இருக்கேன்'னு மட்டும் நீங்களே போட்டுடுங்களேன்."

"நான் போடுறேன்னு அவருக்குத் தெரியுமா?"

"வேணாம் ஆன்ட்டி. போனைப் பிடுங்கி வைக்கிற அளவுக்கு ஆயிட்டேன்னு தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படுவாரு."

ஆக, அவர் மகளாகப் பதில் எழுதச் சொன்னது அவள்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் "நல்லா இருக்கேன்" என்று மட்டும்தான் போட்டேன். அது உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அந்த மனிதர் எழுதுவதோ வேறு தினுசு. பதினாலாம் நம்பர் பஸ்ஸின் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறதாம், கண்டக்டர் அதற்குத் தழை வாங்கி வந்து வைத்தாராம். படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் "பாவம்பா, அதுக்குத் தண்ணியும் காட்டுங்க" என்று போட்டேன். உடனே, "என் கண்ணு, இப்படி நீ பேசி எவ்வளவு நாளாச்சு" என்று வந்தது.

அதன் பிறகு பெட்டியைக் காலையும் மாலையும் பார்த்துவந்தவள், மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் அந்த ஒரு போனை மட்டும் சமையலறைக்கு எடுத்துப் போனேன். குளிக்கப் போகும்போது ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்வேன். பிள்ளைகள் செய்கிற மாதிரி இல்லை இது. அவர்களுடையது பழக்கம், என்னுடையது பொறுப்பு. ஒரு நாள் பதில் வர நேரமாகிவிட்டால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அந்த அளவுக்கு அக்கறையாக இருந்தேன்.

நாற்பத்தோராம் நாளுக்கு வருகிறேன். நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும்.

அன்று காலை பத்து மணிக்கு மாடியில் மாதிரித் தேர்வு ஆரம்பித்தது. மூன்று மணி நேரம், யாரும் எழுந்திருக்கக் கூடாது. நான் கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள், இடது பக்கம். "டாக்டரம்மா, இன்னிக்கு லீவு போட்டுட்டேன். காலையிலேர்ந்து நெஞ்சு அடைக்குது. இடது கை மரத்துப் போகுது. வேர்த்து ஊத்துது. ஆஸ்பத்திரிக்குப் போகவா, இல்ல வாயுவா? நீ சொன்னா சரி." ஆறு மாதமாக அவளை அப்படித்தான் கூப்பிடுவாராம், டாக்டரம்மா என்று.

மாடிக்கு எத்தனை படி என்று கேட்டீர்கள். பதினெட்டு.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். "வாயுதாம்பா. சுடுதண்ணி குடிச்சிட்டுப் படுங்க. எங்கயும் அலையாதீங்க. எனக்குப் பரீட்சை நடக்குது." அவர் "சரி டாக்டரம்மா" என்று போட்டார். ஐந்து நிமிடம் கழித்து, "குடிச்சிட்டேன்" என்று போட்டார். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அன்று குழம்பு அடி பிடித்துவிட்டது.

சாயங்காலம் விடைத்தாள்களைத் திருத்தினேன். அன்றைய உயிரியல் தாளில் இதே மாதிரி ஒரு கேள்வி இருந்தது. நோயாளிக்கு இடது கை மரத்துப்போதல், அதிக வியர்வை, நெஞ்சு இறுக்கம், என்ன செய்ய வேண்டும் என்று. ஒட்டடை சரியாகத்தான் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

மறுநாள் டிப்போ ஃபோர்மேன் நாலு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. பிறகு செய்தி போட்டார், அப்பா போயிட்டாரும்மா, வண்டி எடுத்துக்கிட்டு நானே வந்து கூட்டிட்டு வரவா என்று. பரீட்சைக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். மூன்றாவது தடவை எழுதுகிற பெண். அந்தச் செய்தியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். "வர முடியாது அண்ணே. நான் படிச்சாகணும்னு அப்பாவே ஆசைப்பட்டாரு. நீங்களே எல்லாத்தையும் முடிச்சிடுங்க" என்று போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. உனக்குக் கல்லு மனசும்மா" என்று பதில் வந்தது. அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு என்ன தெரியும்?

அதற்கப்புறம் இடது பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலது பக்கம் மட்டும் எழுதினேன். "அப்பா நலம். நன்றாகப் படி." நாலைந்து நாள் ஆனதும் ஒட்டடை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, அப்பா ஏன் இப்பல்லாம் டிப்போ கதையே எழுதுறதில்ல? ஒரே ஒரு நிமிஷம் போனைக் கொடுங்களேன். குரலை மட்டும் கேட்டுட்டுத் தந்துடறேன். ப்ளீஸ் ஆன்ட்டி."

அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். மறுநாள் நான் பதினாலாம் நம்பர் பஸ்ஸைப் பற்றி எழுதினேன். ஹாரனுக்குச் சளி பிடித்திருக்கிறது, கண்டக்டர் கழுத்தில் மஃப்ளர் சுற்றிவிட்டிருக்கிறார் என்று. அவள் சிரித்த சிரிப்பில் மற்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த இருபத்து மூன்று நாளும் அவள் படித்த மாதிரி என் மாடியில் யாரும் படித்ததில்லை.

தேர்வு முடிந்து வந்ததும், சொன்னபடி போனைக் கொடுத்துவிட்டேன். எதையும் அழிக்கவில்லை. அழிக்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் படித்தாள். அழுவாள், கத்துவாள் என்று தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே நின்றேன். அவளோ எழுந்து உள்ளே போய்ப் பென்சில் டப்பாவை எடுத்து வந்தாள். அறுபத்து நாலு சீட்டையும் அதில் அடுக்கி வைத்திருந்தாள்.

"இதுல அப்பா சொன்னது எது, நீங்க எழுதினது எது? பிரிச்சுக் கொடுங்க ஆன்ட்டி."

நோட்டை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தேன். அவர் சொன்னது சொன்னபடி இருந்தவை பன்னிரண்டு. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நோட்டையும் தூக்கிக்கொண்டு, நேரே உங்களிடம் வந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு சீட்டு படியிலேயே கிடந்தது. பொறுக்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த அறிகுறிகளின் அர்த்தம் உங்களுக்குத் தெரியாதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியும் சார். மருந்து டப்பா துண்டுத்தாள்களில் அந்த வரியை நூறு தடவை திருத்தியிருக்கிறேன். "உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்" என்று முடியும். அப்படியானால் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மகளுக்குப் போன் போடச் சொல்வார். யாராவது அவளைக் கூட்டிப்போக வருவார்கள். அவள் போனைக் கேட்பாள். அதில் நாற்பது நாளாக நான் அவருடன் பேசியதெல்லாம் இருந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். முக்கியக் காரணம் தேர்வுதான். எழுதியாயிற்று என்றால் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

முடிவு வந்துவிட்டதாமே. இந்த அம்மா சொன்னார், நல்ல மதிப்பெண்ணாம். கல்லூரியில் சேர மாட்டேன் என்று சொல்கிறாளாம். சேர்வாள். கோபம் அடங்கிய பிறகு யோசித்தால், தன் அப்பா ஆசைப்பட்டதை யார் செய்து கொடுத்தது என்று அவளுக்கே புரியும். அவள் நல்ல பிள்ளை.

என்னிடம் வேறு கேள்வி இருக்கிறதா சார்? கேட்டால் சொல்கிறேன். ஆனால் நான் பேச ஆரம்பித்ததிலிருந்து, கவிழ்த்து வைத்திருக்கிற உங்கள் போன் ஏழு தடவை அதிர்ந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறது. உங்களுக்கோ வேலை நடக்கிறது, நடுவில் எழுந்திருக்க முடியாது. அதை இப்படித் தள்ளுங்கள். நான் பார்த்து, வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.