லாய்லுக்கு நான் எழுதிக்கொடுத்த மூன்று வரிகள்

பான்கேக் மாவைக் கலந்த கையோடு கல்லில் ஊற்றக் கூடாது. பத்து நிமிடமாவது ஊற வேண்டும். எங்கள் ஊர் கில்டர் பிளாட்டில் இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் அவசரம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பொதுக்கூடத்தில் நடக்கும் காலை விருந்துக்குப் பதினோரு வருடமாக நான்தான் அடுப்படியில் நிற்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

பெயர் வெண்டல் ஸ்ட்ராட். வயது அறுபத்தொன்று. தானியக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வார இறுதிகளில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு நடத்துகிறேன். எங்கள் மாநிலத்தில் துப்பாக்கியை எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம், கோவிலுக்குப் போகலாம். அப்படிக் கட்டியிருப்பவர்களில் இந்த வட்டாரத்தில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் படித்தவர்கள். இவற்றையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள், மிஸ் ஒகாம்போ. ஆனால் உங்கள் தாளில் வரிசை தப்பியிருக்கிறது. நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் ரூத்தான் பிக்கெட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். அஞ்சலகத்தில் வேலை செய்பவள், கூடத்தின் செயலாளரும் அவள்தான். கூடத்துக்குள் யாரும் துப்பாக்கியோடு வரக் கூடாது, வாசலில் ஒரு பலகை மாட்டிவிட வேண்டும் என்பது அவள் தீர்மானம். கூடம் எங்கள் சங்கத்துக்குச் சொந்தம் என்பதால் அப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. நான் எழுந்து மறுத்துப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பிறகு அவள் எழுந்தாள்.

"வெண்டல், இந்தக் கூடம் கட்டி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. இங்க இதுவரைக்கும் என்ன நடந்துருக்கு, சொல்லு பாப்போம்."

பின்வரிசையில் இருந்து ஆல்வின் ட்ரூவாக்ஸ், எண்பது வயதுக் கிழவர், "ஒரு தடவ ஆடு உள்ள வந்துச்சு," என்றார்.

"அத எப்படி வெரட்டினீங்க?"

"தொடப்பத்த எடுத்து ஆட்டினேன். போயிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்கு எதிரி இல்லை. "நாளைக்கே ஒருத்தன் துப்பாக்கியோட வந்து நின்னா?" என்று கேட்டேன்.

"வந்தா அவனுக்கும் ஒரு தட்டு போடுவோம்," என்றாள் ரூத்தான்.

கை தூக்கச் சொன்னபோது அந்தப் பக்கம் முப்பத்துநாலு, இந்தப் பக்கம் முப்பத்துநாலு. ஜூலை விருந்து முடிந்த திங்கட்கிழமை மறுபடி வாக்கெடுப்பு என்று ஒத்திவைத்தார்கள்.

வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது யோசித்தேன். ரூத்தான் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இங்கே எதுவும் நடந்ததில்லை. அதுதான் குறை. நடக்காத ஒன்றுக்காக நாங்கள் எத்தனை வருடம் தயாராக இருந்தாலும் அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் ஒரே ஒருமுறை நடக்க வேண்டும். ஒருவன் வர வேண்டும், நான் எழுந்து நிற்க வேண்டும், அவன் போய்விட வேண்டும். யாருக்கும் ஒரு கீறல்கூட வேண்டாம்.

லாய்ல் ஹேவர்காம்ப் என் தங்கை டோரீனின் கணவன். பள்ளிப் பேருந்து ஓட்டினான். ஐம்பத்துநாலு வயது, கெட்ட எண்ணம் என்று ஒன்று அவனுக்குள் நுழைந்ததே இல்லை. அவன் மட்டும் துப்பாக்கி கட்டமாட்டான். கட்டினால் பாரத்தில் கால்சட்டை இறங்கிவிடுகிறது என்பான். ஆனால் கூட்டத்தில் நான் கை தூக்கினால் அவனும் தூக்கிவிடுவான், எதற்கென்று கேட்கமாட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று. பள்ளிக்கூட நாளில் நாடகத்தில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியும் சேர்க்கவில்லையாம்.

ஞாயிறு மதியம் என் டிராக்டர் கொட்டகையில் ஒத்திகை பார்த்தோம். ஒரு சிறு அட்டையில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். 'யாரும் அசையக் கூடாது.' 'எல்லாரும் கையைத் தூக்குங்க.' மூன்றாவது, நான் எழுந்து துப்பாக்கியைக் கீழே போடு என்றதும் அவன் சொல்ல வேண்டியது: 'சரி, நான் போயிடறேன்.'

"மச்சான், இந்த முகமூடி போட்டே ஆகணுமா? ஜூலை மாசத்துல கம்பளி. நனைஞ்ச நாய் மாதிரி நாறுது."

"போட்டாத்தான் மாப்ள அடையாளம் தெரியாது."

"சரி. அங்க இருக்கறவங்க யாராச்சும் சுட்டுட்டாங்கன்னா?"

நியாயமான கேள்வி. "எல்லாரும் என்கிட்ட படிச்சவங்க. நான் எந்திரிச்சா அவங்க கை கீழ போயிரும்," என்றேன். அவன் தலையாட்டினான். நான் சொல்வதை அப்படியே நம்புவான். அவனிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

செவ்வாய்க்கிழமை அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். வண்டி ஓட்டும்போதும் வரிகளைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதாகவும், பேருந்துக் கண்ணாடியில் முகத்தைக் கொடூரமாக வைத்துப் பழகுவதாகவும் சொன்னான். பிறகு, "மச்சான், எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு உண்மைய சொல்லிருவோமா? ரூத்தான் விழுந்து விழுந்து சிரிப்பா," என்றான்.

வேண்டாம் என்றேன். சரி என்றான். ஆனால் லாய்லை எனக்குத் தெரியும். டோரீனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவளுக்குத் தெரியாமல் நாங்கள் விருந்து வைத்தபோது, இவன் காலையிலேயே அவளிடம் போய், "இன்னைக்கு ஆறு மணிக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா நல்ல கவுனா போட்டுக்க," என்று சொன்னவன். ஒரு மாதம் தாங்கமாட்டான். ஒரு வாரம் தாங்கினால் அதிகம். தெரிந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஒரு திருடன் வருவதற்குக்கூட வெண்டல் தங்கச்சி புருஷனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது என்று சொல்லும். என் வகுப்பு, என் பேச்சு, எல்லாம் அந்த ஆட்டுக் கதையோடு சேர்ந்துவிடும்.

திட்டத்தைக் கைவிடுவதைப் பற்றியும் யோசித்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அன்று மாலை தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு முடிக்கும்வரை யோசித்தேன்.

அதன்பிறகு செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. வியாழக்கிழமை என் பழைய மாணவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தேன். கூட்டமான இடத்தில் பல பேர் சுட்டால் என்ன ஆகும் என்று விளக்கி, ஒருவர் மட்டும் பொறுப்பெடுக்க வேண்டும், மற்றவர்கள் உறையிலிருந்து எடுக்கவே கூடாது என்று சொன்னேன். நல்ல வகுப்பு, எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூடத்துக்குப் போய், லாய்ல் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் நீல நாடா ஒட்டினேன். அதற்கு நேர் பின்னால், மரச்சுவரை ஒட்டி, மாவு மூட்டைகளை மூன்று வரிசையாக என் தோள் உயரத்துக்கு அடுக்கினேன். மாவு மூட்டை ஏன் சமையலறையில் இல்லாமல் கதவுப் பக்கம் இருந்தது என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. அது முதல் பாடம். சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்தும் இடம். குழந்தைகளின் மேசையையும் எதிர்க்கோடிக்கு நகர்த்தினேன்.

லாய்லுக்குக் கொடுத்த என் பழைய கைத்துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்தேன். அவன் பழக்கமில்லாதவன். தெரியாமல் விசையை அழுத்தி யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?

சனிக்கிழமை அவன் ஏழு நிமிடம் தாமதம். தள்ள வேண்டிய கதவை வெளியே நின்று இழுத்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக உள்ளே வந்தான், கம்பளி முகமூடி, கையில் துப்பாக்கி, பேருந்து ஓட்டுநர் சட்டை. அந்தச் சட்டையை மாற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"லாய்ல், கதவச் சாத்து. ஈ வருது," என்றார் ஆல்வின்.

அவன் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நீல நாடாவைத் தேடி அதன்மேல் நின்றுகொண்டான். "யாரும் அசையக் கூடாது," என்றான். இடுப்பில் துப்பாக்கியோடு பதினாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ நாடகம் என்று சிலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். டோரீன் இரண்டாவது மேசையிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கையைத் தூக்குங்க."

சிலர் முள்கரண்டியோடு தூக்கினார்கள்.

"கையில காப்பி இருக்கு லாய்ல். வச்சிட்டுத் தூக்கட்டுமா?" என்றாள் ரூத்தான்.

"வச்சிட்டே தூக்குங்க, ரூத்தான். சூடா இருக்கும்."

இது நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை.

நான் கரண்டியை வைத்தேன். கையெல்லாம் பாகு. சமையல் மேலங்கியில் நன்றாகத் துடைத்தேன், பிசுபிசுத்த கையால் ஆயுதத்தைத் தொடக் கூடாது. அடுப்பை அணைத்தேன். முன்னால் வந்து நின்று, "துப்பாக்கியக் கீழ போடு," என்றேன்.

லாய்ல் என்னைப் பார்த்தான். முகமூடிக்குள் அவன் புன்னகை செய்தது கம்பளி அகன்றதில் தெரிந்தது. வாயைத் திறந்தான், மூடினான். பிறகு இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டான்.

ஒரு முறைதான் சுட்டேன். குண்டு இரண்டாவது வரிசை மூட்டையோடு நின்றுவிட்டது. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கூடம் முழுக்க மாவு பறந்துகொண்டிருந்தது, எல்லோர் தலையும் வெளுத்துவிட்டது. டோரீன்தான் முதலில் நடந்து வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து முகமூடியை மெதுவாகக் கழற்றினாள். அவள் கத்தவில்லை.

"அவருக்கு மூணாவது வரி மறந்துருச்சுண்ணா. சீட்டத்தான் எடுத்தாரு," என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட்டானாம். அவனைப் பற்றி நான் போட்ட கணக்கு சரியாக இருந்தது என்பதைத்தான் இது காட்டுகிறது.

திங்கட்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. என்னை அப்போது இன்னும் கைது செய்யவில்லை, நானும் கூடத்துக்குப் போனேன். லாய்லுக்காக ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றோம். பிறகு எங்கள் ஆட்கள், பார்த்தீர்களா, இதற்குத்தான் துப்பாக்கி வேண்டும் என்கிறோம் என்றார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள், பார்த்தீர்களா, இதற்குத்தான் வேண்டாம் என்கிறோம் என்றார்கள். ஒருவர்கூட மனம் மாறவில்லை. அந்தப் பக்கம் முப்பத்துநாலு, இந்தப் பக்கம் முப்பத்துமூன்று. ரூத்தான் எண்ணி முடித்துவிட்டு, எழுதாமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லாய்லின் கை ஒன்று இருந்திருந்தால் சமமாகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பலகையை மாட்டிவிட்டார்கள்.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். நேற்று அரசு வழக்கறிஞரான நீங்களும் என் வழக்கறிஞரும் சேர்ந்து கொண்டுவந்தீர்கள். நாடகம்தான் என்று தெரிந்தும், அவன் கை பைக்குள் போனதும் ஆயுதம் எடுக்கிறான் என்று பதறி, கவனக்குறைவாகச் சுட்டுவிட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மூன்று வருடத்தில் வெளியே வந்துவிடலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொல்கிறார். டோரீன்கூட, அண்ணன் தெரியாமல் செய்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். அவள் அப்படி நம்புவது எனக்கு ஆறுதல்தான். ஆனால் நான் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். கவனக்குறைவு என்ற அந்த வார்த்தையை அவர்கள் படிப்பார்கள்.

பதற்றம் இல்லை, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன். பையில் இருந்தது அட்டை என்பதும் தெரியும். முதல் இரண்டு வரியையும் கொட்டகையில் இருபது முறை சொல்ல வைத்தேன். வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டு, மூன்றாவதை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மாப்ள, மறந்தால் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொள், அவசரமே இல்லை என்று சொன்னது நான்தான்.

ஆகவே அந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு எது சரியோ அதை எழுதுங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன். என் கையிலிருந்து ஒரு குண்டுகூடத் தவறிப் போனதில்லை, மிஸ் ஒகாம்போ. அன்றைக்கும் போகவில்லை.