ஓரடி அண்ணன் நின்ற வயல்

தலைமையேற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணன் மகளே, என்னோடு சீருடை அணிந்த தோழர்களே! பத்து நாட்களுக்கு முன் மாரடைப்பில் நம்மைப் பிரிந்த ஓரடி அண்ணனைப் பற்றிப் பேச நிற்கிறேன். புகழ்ந்து பேசினால் அவருக்குப் பிடிக்காது, எழுந்து போய்விடுவார். இன்று எங்கே போவார்? பேசிவிடுகிறேன்.

கண்ணிவெடி அகற்றும் படையில் பதினான்கு ஆண்டுகள் முன்னால் நடந்தவர் அவர். அவர் கால்தடத்தில் கால் வைத்து நடந்ததால் உயிரோடு வீடு திரும்பியவர்கள் நாங்கள் மூவர். "ஓரடிடா, அப்புறம் ஓரடி" என்பார், பெயரே அதுவாகிவிட்டது. எங்களைக் காப்பாற்றிய அந்த மனிதர் ஓய்வு பெற்ற பின் மண்ணில் கால் வைக்க முடியாமல் தவித்தார், தெரியுமா உங்களுக்கு? தார்ச் சாலை, சிமெண்ட் தரை, அவ்வளவுதான். மகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடியபோது பள்ளி கேட்டுக்கு வெளியே நின்று கைதட்டினார். ஏனென்றால் மைதானம் மண்!

மூன்று ஆண்டுச் சிகிச்சை. மருத்துவர் அம்மா ஒரு தட்டில் மண்ணைக் கொட்டி, அதில் கால் வைக்கச் சொல்லித் தொடங்கினார். தேறி வந்தவர் சும்மா இருந்தாரா? "என்னை மாதிரி எத்தனை பேர் வீட்டுக்குள்ளயே கிடக்கிறாங்க! அவங்களுக்கு ஒரு சிகிச்சை மையம் வேணும்" என்றார். நிதி திரட்ட இருநூறு கிலோமீட்டர் நடை, அதுவும் மண்ணில் மட்டும். முழுதும் நடந்து முடித்தால்தான் நன்கொடை என்று கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள், நடுப்பகல், உழுத வயல். முடிவிடத்துக் கொடி கண்ணுக்குத் தெரிகிறது. வழக்கம்போல் அவர் முன்னால், நாங்கள் மூவரும் பின்னால். அண்ணன் சட்டென்று நின்றார். மண்ணிலிருந்து ஒரு கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்தது!

நாங்கள் என்ன செய்தோம்? ஓடிப்போய்த் தாங்கினோமா? இல்லை! முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவன் அசையக் கூடாது, அவரைத் தாண்டக் கூடாது. அந்தப் பழைய பழக்கம் எங்களை ஆணி அடித்தாற்போல் நிறுத்திவிட்டது. வெடிக்க அங்கே எதுவும் இல்லை என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம்! அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

சாலையோரமாக எங்களோடு வந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து அண்ணி இறங்கி வந்தார். "வராதே! அங்கயே நில்லு!" என்று கத்தினார் அண்ணன். அண்ணி நிற்கவில்லை. "நாலு பேரும் சேர்ந்து யாருக்கு மௌன அஞ்சலி செலுத்துறீங்க?" என்று கேட்டபடியே அவர் பக்கத்தில் போய் நின்றார். "நான் முன்னாடி போகட்டுமா?"

"வேணாம். கூட நில்லு."

அண்ணன் குனிந்தார். கம்பியைப் பிடித்து இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சாண் நீளத் துருப்பிடித்த வேலிக் கம்பி! அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓரடி வைத்தார். அப்புறம் ஓரடி. நாம் கூடியிருக்கும் இந்த மையம் அந்த அடிகளால் எழுந்தது.

இன்னொரு மையத்துக்காக இரண்டாவது நடை நாளைக் காலை என்று நாள் குறித்தவரும் அவரே. முன்னால் யார் நடப்பது? பத்து நாளாக நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தச் சபையில் ஒத்துக்கொள்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் கால் வைக்காத இடத்தில் நான் கால் வைத்ததே இல்லை. இருந்தாலும் அண்ணே, நாளைக் காலை ஆறு மணிக்கு நான் முன்னால் நடக்கிறேன்!

அண்ணி, உங்களிடம் ஒரே வேண்டுகோள். நான் நடுவழியில் நின்றுவிட்டால், வந்து திட்டுங்கள்.