கண்டிகை தாண்டி ஒரு விளக்கு

சளக்! மொபெட்டின் சங்கிலி கழன்றது. இன்ஜின் நின்றது, முன்விளக்கும் செத்தது. இரவு ஒன்பது மணி. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலை. கண்டிகை தாண்டியாயிற்று. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை...

இது என் நண்பன் யக்ஞநாராயணனின் சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் பத்ரிநாராயணன். டெலிபோன் ஆபீஸ் உத்தியோகம். சிட்லபாக்கத்தில் தனிக்கட்டை. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டு மொட்டை மாடியில் ஆபீஸ் நண்பர்கள் கூடுவார்கள். டெலஸ்கோப், பில்டர் காபி, அரட்டை. அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் மனுஷர் மற்ற நாட்களைத் தள்ளினார்.

எண்பத்தாறில் தெருவுக்கு சோடியம் விளக்கு வந்தது. வானம் வெளுத்தது. கூட்டமும் கலைந்தது.

"வால் நட்சத்திரம் வருதாமே பத்ரி. கும்மிருட்டா ஒரு இடம் புடி, கட்டாயம் வரோம்" என்றார்கள்.

அந்த இடத்தைத் தேடித்தான் டெலஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

சங்கிலியை மாட்டக் குனிந்தவர், நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே உப்பை வாரி இறைத்த மாதிரி நட்சத்திரங்கள். இடம் கிடைத்துவிட்டது!

ஒரே ஒரு குறை. சாலையோரப் புளியமரத்தடியில், செங்கல் மாடத்துக்குள் ஓர் அகல் விளக்கு.

நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே வெளிச்சம் கண்டாலும் கூச்சமில்லாமல் போய் அணைக்கச் சொல்வார்கள். சித்தப்பாவும் போனார். வெளிச்சம் எட்டாத இடத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்ச நேரம் இந்த விளக்கை அணைக்கலாமா? வானம் பார்க்கணும்."

"நீயே அணச்சிடு சார். எனக்குந்தான் கண்ணு கூசிகினே கீது."

"அப்போ நீயே அணைக்கறதுதானே?"

"என்னால கிட்ட வர முடியாது சார்."

விளக்கேற்றிய வீட்டாருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து... ஊதினார்.

கருகிய திரியின் நாற்றம். வேப்பெண்ணெய். அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரேயடியாக நின்றன.

"அப்பாடா..."

காதருகே. அவள் நடந்து வந்த சத்தமே இல்லை.

சித்தப்பா ஓரடி நகர்ந்து நின்றார். ஆனாலும் டெலஸ்கோப்பை நிறுத்தி அவளுக்குக் காட்டினார். வாரக்கணக்கில் அதற்குள் எட்டிப் பார்க்க ஆள் இல்லாதவர், பாவம்.

"நல்லா கீது சார். வூட்லயும் பாப்பியா?"

"பார்க்கலாம். யாரும்தான் வரமாட்டேங்கறா."

"நான் வரேன் சார்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவர் ஆபீஸ் போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் யக்ஞன் சிட்லபாக்கத்துக்கு ஓடினான். சித்தப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் வரச் சம்மதித்துவிட்டார்கள், வேனுக்குக்கூடச் சொல்லியாயிற்று. தெருவெல்லாம் மஞ்சள் வெளிச்சம். சித்தப்பா வீடு மட்டும் கரி பூசினாற்போல் இருந்தது. ஜன்னல்களில் உள்பக்கம் கம்பளி அடித்திருந்தது. கதவு தாழிடவில்லை.

"சித்தப்பா! எல்லாரும் வராளாம்! எங்கே, இடம் பார்த்தாச்சா?"

உள்ளே வேப்பெண்ணெய் நாற்றம். சுவரைத் தடவி சுவிட்சில் விரலை வைத்தான்.

இருட்டுக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. சந்தோஷமான குரல்.

"லைட்டைப் போடாதேடா யக்ஞா... அவளுக்கு ஆகாது."