ரெண்டு அண்டா, ஒரு சல்லடை

...அதனால, பெரியவங்களே, தாய்மார்களே, ஒரு சின்னக் கதை சொல்லிக்கறேன். மைக்செட் தம்பி, வாட்ச்சைப் பாக்காதீங்க. கதை சின்னதுதான்... அதுல வர்ற ஆளுங்கதான் ரொம்பப் பெரியவங்க!

ஒரு ஊரு. பேரு வேண்டாம். சொன்னா ‘எங்க ஊரைச் சொல்லிட்டான்’னு நாலு ஊரு சண்டைக்கு வரும். அங்க அம்மன் திருவிழான்னா வீட்டுக்கு வீடு அரிசி வாங்கிப் பொங்கிப் போடுவாங்க. மேலத்தெரு அரிசி ஒரு குவியல், கீழத்தெரு அரிசி ஒரு குவியல். ரெண்டு அண்டா, ரெண்டு பந்தி. அம்மன் மட்டும் ஒண்ணு. செலவு பாத்து விட்டுட்டாங்க போல!

அந்த வருஷம் அரிசி ஏத்திட்டு வந்த லோடு ஆட்டோக்காரர் வெளியூரு. பாவம், விவரம் தெரியாத மனுஷன். மனுஷன் சாப்பிடற அரிசிதானேன்னு நெனச்சு, ஆறு மூட்டையையும் ஒரே பாயில கொட்டிட்டாரு!

அவ்வளவுதான். விழாக் குழுத் தலைவர் மேலத்தெரு சிங்காரவேலு ஓடி வர்றாரு. “அய்யய்யோ... கலந்துருச்சே! பிரிங்க! பிரிக்க முடியலன்னா மொத்தத்தையும் மாட்டுக்குப் போடுங்க!”

மாடு தெரு பாக்காதுல்ல... அந்த நம்பிக்கை.

கூட்டத்துக்கு ஓரமா கீழத்தெரு பூங்காவனம் நிக்குது. மக பிரசவத்துல பொழச்சு வந்தா அம்மனுக்கு அஞ்சு படி அரிசின்னு வேண்டிக்கிட்ட பொம்பள. பொழச்சு வந்துட்டா. அந்த அரிசியும் அந்தக் குவியல்லதான் கெடக்கு. மாட்டுக்குன்னு சொன்னதும் அந்தம்மா அம்மன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிடுது.

பள்ளிக்கூடத்துல இருந்து சயின்ஸ் டீச்சர் தேவகிருபையைக் கூட்டிட்டு வந்தாங்க. “டீச்சர், கலவையைப் பிரிக்கறதுன்னு நீங்கதான பாடம் எடுக்கறீங்க? இதைப் பிரிச்சுக் குடுங்க.”

டீச்சர் சிரிக்கல. அதான் அவங்ககிட்ட மோசமான குணம். “தாராளமா பிரிக்கலாங்க. ரெண்டுக்கும் ஏதாவது ஒரு குணம் வேற வேறயா இருந்தாப் போதும்.”

“அதெல்லாம் நெறைய இருக்கும் டீச்சர்!”

சரின்னு ஆரம்பிச்சாங்க. முறத்துல போட்டுத் தூத்தினாங்க... உமி பறந்துச்சு. தெரு பறக்கல. ஒரு கை அள்ளித் தண்ணியில போட்டாங்க... எல்லாம் மூழ்கிருச்சு. காந்தத்தைக் காட்டினாங்க... துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு ஒட்டுச்சு. அது எந்தத் தெரு ஆணின்னு அரை மணி நேரம் விசாரணை!

அப்புறம் டீச்சரே குனிஞ்சு பாத்தாங்க. “இதுல ரெண்டு ரகம் இருக்குங்க. குண்டு அரிசி ஒண்ணு, பொடி அரிசி ஒண்ணு. சல்லடையில பிரிச்சிரலாம்.”

தலைவருக்கு முகமெல்லாம் பல்லு. “பாத்தீங்களா! அம்மனே வழி காட்டிட்டா. பொடி அரிசி நம்ம அரிசி. குண்டு அரிசி அவங்க அரிசி. சலிங்கப்பா!”

மொதல்ல குருணையைச் சலிச்சுத் தள்ளினாங்க. அப்புறம் கொஞ்சம் பெரிய கண்ணு சல்லடை. மத்தியானம் வரைக்கும் சலிச்சாங்க. மேல நின்ன குண்டு அரிசி... மலை மாதிரி. கீழ விழுந்தது... ஒரு சின்னக் குவியல். சீரகச் சம்பா! வாசனை கோயில் வாசல் வரைக்கும் வருது.

தலைவர் மைக்கைப் புடிச்சிட்டாரு. சும்மா இருப்பாரா? “அம்மனுக்குச் சீரகச் சம்பா குடுத்த நம்ம தெருப் புண்ணியவான் யாரோ, முன்னாடி வரவும்! முதல் மாலை அவருக்குத்தான்!”

யாரும் வரல.

இன்னொரு தடவை கூப்பிட்டாரு. மேலத்தெரு மொத்தமும் தரையைப் பாக்குது. அவரோட வீட்டம்மா மெதுவா பக்கத்துல வந்து, “ஏங்க... நாமளும் ரேஷன் அரிசிதாங்க குடுத்தோம்...” மைக் ஆன்ல இருக்குங்கறதை மறந்துட்டாங்க!

வீட்டுக்குப் பொன்னி... சாமிக்கு ரேஷன். என்னா பக்தி!

அப்பத்தான் ஓரத்துல இருந்து ஒரு குரலு. “அய்யா... அது என் வேண்டுதல் அரிசிங்க.”

பூங்காவனம்.

தலைவர் சின்னக் குவியலைப் பாக்கறாரு... பெரிய குவியலைப் பாக்கறாரு. தன் வாயாலயே மேலத்தெரு மொத்தத்தையும் கீழத்தெரு அண்டாவுல தள்ளிட்டோம்னு அப்பத்தான் உறைக்குது. உடனே சொன்னாரு பாருங்க... “சரி சரி, நேரமாச்சு. எல்லாத்தையும் கலந்துருங்கப்பா!”

காலைலேருந்து பிரிங்க பிரிங்கன்னு குதிச்ச வாய்ங்க அது!

பூங்காவனம் ஒரு எட்டு முன்னாடி வந்துச்சு. “கலக்காதீங்கய்யா. கஷ்டப்பட்டுப் பிரிச்சிருக்கீங்க. இதுல அம்மனுக்குப் பொங்கல் வைங்க. மிச்சமெல்லாம் ஒரே ரேஷன் கடை அரிசிதானே... அதை ஒரே அண்டாவுல போடுங்க. எல்லாரும் உக்காந்து சாப்பிடுவோம்.”

டீச்சர்தான் மாலையை எடுத்துட்டு வந்து, “மைக்லயே சொல்லிட்டீங்க... போடுங்க”ன்னு அவர் கையில குடுத்தாங்க. பூங்காவனம் கழுத்துல போட்டாரு.

எதுக்கு இதைச் சொன்னேன்? காந்தத்துக்கு இரும்பு தெரியும். சல்லடைக்குப் பருமன் தெரியும். தீயில வச்சா உப்பு தனியா, தண்ணி தனியா போகும். ஆனா இது இந்தத் தெருச் சோறு, இது அந்தத் தெருச் சோறுன்னு கண்டுபுடிக்கற கருவி எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கெடையாது. அது உங்க மண்டைக்குள்ள மட்டுந்தான் இருக்கு.

கைதட்டாதீங்க... இருங்க. மேடைக்கு வர்ற வழியில பாத்தேன். உங்க திருவிழாவுக்குச் சமையல் பந்தல் போட்டிருக்கீங்க. ரெண்டு பந்தல். ரெண்டு அண்டா. எந்தச் சல்லடையில சலிச்சீங்க? அதை மட்டும் இங்க கொண்டு வந்து காட்டுங்க... நான் பேச்சை நிறுத்திட்டு உக்காந்துக்கறேன்.