யார் வயிறுன்னு சொல்லக் கூடாது

...அதத்தாங்க சொல்றேன், ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் இந்த நீச்சல் குளத்துல, பெண்கள் நேரத்துல, நாங்க எட்டே பேர்தான். இப்பப் பாருங்க, துணி மாத்தவே வரிசை. குளமா இது, பஸ்ஸா? நீங்க புதுசு, உங்கமேல எனக்கு வருத்தமில்ல. உக்காருங்க, நம்ம முறை வர எப்படியும் நேரமாகும்.

எல்லாம் அந்த ஒலிக்காரம்மாவால வந்தது. சத்தங்களப் பதிவு பண்ணிக் கோக்கறதுதான் அவங்க கலையாம், தண்ணிக்குள்ள போடற மைக்கோட ஒரு நாள் வந்து நின்னாங்க. உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானாம். உள்ள இருக்கிற தண்ணியும் வெளிய இருக்கிற தண்ணியும் பேசிக்கிறத எல்லாருமா சேந்து பதிவு பண்ணலாம்னாங்க. வேற வேலையில்லையான்னு நான் நெனச்சேன். மத்த ஏழு பேருக்கும் ஒரே குஷி. தபால்காரம்மா மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சுக் காட்டினாங்க. பல் டாக்டரம்மா இதயத்துடிப்பக் குடுத்தாங்க. உங்களுது என்னன்னு என்கிட்ட வந்தாங்க.

என்கிட்ட என்ன இருக்கு, வயிறுதான் இருக்கு. சிரிக்காதீங்க. நான் பாக்கிறது பரீட்சை ஹால்ல மேற்பார்வை வேலை. முன்னூறு பிள்ளைங்க, பேனா ஓடுற சத்தம் மட்டும்... அப்பப் பாத்துக் கடமுடான்னு ஆரம்பிக்கும். சாப்பிட்டுப் போனாலும் கத்தும், சாப்பிடாமப் போனாலும் கத்தும். பதினெட்டு வருஷமா நான் ஒரு எடத்துல நின்னதில்ல, நடந்துகிட்டே இருப்பேன். எந்தப் பக்கம்னு யாரும் கண்டுபுடிச்சிடக் கூடாதுல்ல. வீட்டுக்காரர் டாக்டர்கிட்டக்கூட கூட்டிட்டுப் போனாரு. வியாதி ஒண்ணுமில்ல, வாயாடி வயிறுன்னு டாக்டர் அனுப்பிட்டாரு.

அதனால என்னை விட்டுடுங்கன்னேன். கேக்கல. நாலு பேர் முதுகுக்கடியில கை குடுத்து என்னை மல்லாக்க மெதக்க வச்சாங்க. நாலு வருஷமா வரேன், ஓரத்துக் கம்பிய விட்டதில்ல நான். காது ரெண்டும் தண்ணிக்குள்ள போனதும் ஊரே வாய மூடிகிட்ட மாதிரி ஆயிடுச்சு. அப்ப ஆரம்பிச்சுது. கடமுடா இல்லீங்க. அடியில எங்கயோ ஒரு பெரிய கதவு மெதுவாத் தெறக்குது, அப்படி ஒரு சத்தம், குளம் பூரா. என்னுதா இதுன்னு இருந்துச்சு. கண்ணத் தெறந்து பாத்தா நாலு பேர் கையும் தண்ணிக்கு மேல இருக்கு, யாரும் என்னைப் புடிச்சுக்கல. பயப்படணும்னே தோணல, போங்க.

அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரு கூடத்துல ஒலிக்க விட்டாங்க. யார் வயிறுன்னு வெளிய சொல்லவே கூடாதுன்னு நான் கண்டிஷன் போட்டிருந்தேன். எழுதியே வாங்கினேன். இப்ப என்னடான்னா, காய் நிறுக்கிறவர் தராசப் பாக்காம என் வயித்தப் பாக்குறாரு. மாமியார் ஃபோன வயித்துகிட்ட வைக்கச் சொல்றாங்க. பரீட்சைப் பிள்ளைங்களுக்கு நான் வயித்து மிஸ். தானும் மெதந்து கேக்கணும்னு ஊர்ல பாதிப்பேர் இங்க வந்துட்டாங்க.

யாரு சொன்னதுன்னு கேக்குறீங்க... ஒலிக்காரம்மா சொல்லலீங்க. சரி, உங்ககிட்ட என்ன மறைக்க. மொத நாள், அறுபது பேர் தரையில படுத்துக் கண்ண மூடிக் கேட்டுட்டிருந்தோம். என் சத்தம் வந்துச்சு. பக்கத்துல படுத்திருந்தவர் தன் சம்சாரத்துகிட்ட, "கேட்டியா, திமிங்கிலம்"னாரு. அந்தம்மாவும், "ஆமாங்க, எவ்வளவு அழகாப் பாடுது"ன்னாங்க.

எப்படிங்க பொறுத்துக்கறது? எந்திரிச்சு நின்னு, "திமிங்கிலம் இல்ல, அது என் வயிறு"ன்னுட்டேன். ஒருத்தரும் நம்பல. மறுபடி போடச் சொல்லி, எந்த எடத்துல வருதுன்னு கை தூக்கிக் காட்டினேன். மூணு தடவ போட்டாங்க. அறுபது பேரும் நம்புற வரைக்கும் நான் உக்காரலியே.