கட்டைவிரல் மறைத்த எண்

– கைய எடுங்க மவுஸ்ல இருந்து. விக்கிறது யாரு எவருன்னு பாக்காம ஒரு பைசா அனுப்ப மாட்டேன்.

– நான் பாத்துட்டேன் ஜாய்ஸு. நல்ல பார்ட்டி. நீ உன் அக்கவுண்டத் தொற, ஒம்பதாயிரத்து ஐந்நூறு அனுப்பு, அவ்ளோதான்.

– அவ்ளோதானா? என் சம்பள அக்கவுண்டு இன்னா கோவளம் பஸ் ஸ்டாண்டு குழாயா, தொறந்தா கொட்டறதுக்கு?

– உன் பணம் இல்லம்மா, ராமானுஜம் சாரு பணம். நாளைக்கு கம்பெனிக்குப் போனதும் கையில குடுத்துடுவாரு. அவருக்கு நெட்டுல அனுப்பத் தெரியாது.

– உங்களுக்குத் தெரியுமா?

– தெரியாம போய்தான உன்ன கூப்ட்டுகினு கீறேன்!

– மேனேஜரு, அவரு போற பஸ்ஸு டிரைவருகிட்ட காசு வாங்கித் தரச் சொல்றாரு. ம்... நடக்கட்டும். இன்னா காசு?

– விக்டோரியா ராணி போட்ட வெள்ளி ரூபா. ஆயிரத்து எட்டுநூத்தி அறுவத்திரெண்டு. தோ பாரு, இந்தப் பழங்காசு விக்கற சைட்டுல படம் கீது, பிளாஸ்டிக் பெட்டியில சீல் போட்டு.

– பெட்டி எதுக்கு? காத்து பட்டா கரைஞ்சிடுமா?

– அட, இது கிரேடு போட்ட காசு. அமெரிக்காவுல ஒரு கம்பெனி... லென்சு வெச்சுப் பாத்து மார்க்கு போடும், எழுவதுக்கு இவ்ளோன்னு. அப்புறம் பெட்டியில வெச்சு மூடிடும். இது அறுவத்துமூணு மார்க்கு.

– நம்ம அனு கணக்குல நூத்துக்கு இருவத்தெட்டு வாங்கிகினு வந்தாளே, அவளையும் மூடச் சொல்லலாமா?

– வெளையாடாத ஜாய்ஸு. வேற எவனாச்சும் வாங்கிடப் போறான். சீக்கிரம்...

– இந்த 'சீக்கிரம்'தாங்க பேஜாரு. ஏமாத்தறவன் எல்லாம் அதத்தான் சொல்லுவான். இருங்க... இந்த ஆளுகிட்ட இதுக்கு முன்ன வாங்கினவங்க இன்னா எழுதிகீறாங்க?

– ஒண்ணும் எழுதல.

– ஏன்?

– யாரும் வாங்கல. இதான் மொதல் வியாபாரம்.

– நல்லா கீது! பணத்த யாரு பேருக்கு அனுப்பணும்?

– செங்கம்மாள். அக்கவுண்டு நம்பரு மெயில்ல வந்துகீது. நேரா அவங்க அக்கவுண்டுலயே போடச் சொன்னாங்க. சைட்டு வழியா வாணாமாம்.

– வாணாம்னு சொல்லும்போதே உங்களுக்கு ஒதறல் எடுத்திருக்கணும். சைட்டுலயே கட்டினா, பொருளு நம்ம கைக்கு வந்து 'சரியா கீது'ன்னு சொல்ற வரைக்கும் பணத்த சைட்டுக்காரங்களே வெச்சிருப்பாங்க. கிரெடிட் கார்டுல கட்டினா, தகராறுன்னா பேங்க்குல சண்டை போடலாம். நேரா அக்கவுண்டுல போட்டா கடல்ல போட்ட மாதிரி.

– சைட்டுக்காரனுக்கு மூணு பர்சென்ட் அழணுமே!

– ராமானுஜம் சாரு அழட்டும். அவரு பணம்தான?

– ...ஆமா, அவரு பணம்தான்.

– அப்ப உங்களுக்கு ஏன் வேர்க்குது?

– ஃபேன் சரியா சுத்தல. ஆமா, உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?

– ஐ.டி. கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல குந்திகினு கீறேங்க. எங்களுக்கு லாட்டரி அடிச்சிடுச்சுன்னு வாரத்துக்கு நாலு மெயிலு வருது. ஒரு வாட்டி கூட எவனும் ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல.

– இவங்க அப்டி இல்ல ஜாய்ஸு. மெயிலு எழுதினா எவ்ளோ மரியாதையா பதில் வருது தெரியுமா? 'அண்ணா, கவலைப்படாதீங்க'ன்னு...

– அண்ணாவா!

– சொன்ன வெல பத்தாயிரத்து ஐந்நூறு. நான் ஒரே ஒரு மெயிலுதான் போட்டேன், ஆயிரம் குறைச்சுட்டாங்க. ஏமாத்தறவங்க குறைப்பாங்களா?

– அப்டி இன்னா எழுதுனீங்க?

– சும்மா... வியாபாரப் பேச்சு. உனக்குப் புரியாது.

– எனக்குப் புரியாதுதான். சரி, பெட்டி மேல ஒரு நம்பரு இருக்குமாமே? அத அந்த மார்க்கு போடற கம்பெனி சைட்டுல போட்டா, அசலா டூப்பான்னு காட்டிடுமாம். நம்பரச் சொல்லுங்க, போட்டுப் பாக்கறேன்.

– நாலு... ஏழு... ரெண்டு... ஒம்போது, பூஜ்யம்... ஒண்ணு, ஒண்ணு, ஆறு.

– இருங்க, சுத்திகினு கீது... ம், வந்துடுச்சு. ஒரு ரூபா, ஆயிரத்து எட்டுநூத்தி அறுவத்திரெண்டு, அறுவத்துமூணு மார்க்கு. அசல்தான்.

– நான்தான் சொன்னேனே! அனுப்பு, அனுப்பு.

– இன்னாங்க...

– இன்னா?

– படத்துல நம்பரே தெரியலியே. கட்டைவிரலால மறைச்சுப் புடிச்சிகினு கீறாங்க. நீங்க எதப் பாத்துப் படிச்சீங்க?

– ...மெயில்ல அனுப்புனாங்க.

– காட்டுங்க.

– அழிச்சுட்டேன்.

– அழிச்சிட்டு எட்டு நம்பரையும் மனப்பாடம் பண்ணீங்களா? நம்ம கல்யாண நாள் தேதியச் சொல்லுங்க பாக்கலாம்.

– மே மாசம்... ஜாய்ஸு, அது இப்ப எதுக்கு?

– ஜெரோம்!

– பேரச் சொல்லிக் கூப்ட்டா எனக்கு பயமா கீது.

– பயப்படுங்க. பயந்துகினே சொல்லுங்க.

– ...அது என் காசு.

– எது?

– அந்தப் படத்துல கீறது. பெட்டி மூலையில வெடிப்பு தெரியுதா? நான் கீழ போட்டப்ப வந்தது. ராமானுஜம் சாருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவரு பாவம்.

– உங்க காசத்தான் வித்துட்டீங்களே! ரெண்டாயிரத்து ஆறுல, எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் பண்ணப்ப!

– ...விக்கல.

– இன்னாது?

– சவுகார்பேட்டை வரைக்கும் எடுத்துகினு போனேன். கடைக்காரரு எட்டாயிரத்த எண்ணி மேஜை மேல வெச்சுட்டாரு. கை வரல ஜாய்ஸு. மொத மொத போனஸ்ல வாங்கினது. எங்க அப்பா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டே செத்தாரு, நம்ம வூட்டுல இப்டி ஒரு பொருளு கீதேன்னு அத எடுத்து எடுத்துப் பாப்பேன். எடுத்துகினு திரும்பி வந்துட்டேன்.

– அப்ப ஆஸ்பத்திரிக்குக் கட்டினது?

– சொசைட்டி லோன். டபுள் டூட்டி பாத்து பாத்து அடைச்சேன். போன மாசம்தான் முடிஞ்சுது.

– அடப்பாவி மனுஷா... எனக்காக ஆசையா வெச்சிருந்த காச வித்துட்டாரேன்னு, ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வஞ்சிரம் வறுத்துப் போட்டேனேங்க!

– அதனாலதான் சொல்லல.

– வஞ்சிரத்துக்காகவா?

– மொதல்ல, கடன் வாங்கினேன்னு தெரிஞ்சா நீ மாத்திரை கூட வாங்க மாட்டியேன்னு சொல்லல. அப்புறமாத்தான் வஞ்சிரத்துக்காக.

– ...டபுள் டூட்டின்னா, தூங்காம பஸ்ஸு ஓட்டுனீங்களா?

– அத விடு. இப்ப காசு போச்சு பாரு. பழைய கேசட் டப்பாவுல, ஒரு கேசட் கவருக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். ஏப்ரல்ல வூட்டுக்கு வெள்ளையடிச்சப்ப டப்பாவே காணோம். பழைய பேப்பர்காரன்கிட்ட போயிடுச்சுன்னு நெனச்சேன். உன்ன கேக்கவும் முடியல... வித்த காசு எங்கன்னு எப்டி கேக்கறது?

– கஷ்டம்தான்.

– போன வாரம் நெட்டுல பாத்தா, என் காசு! என் வெடிப்பு! எவளோ செங்கம்மாவாம், திருட்டுப் பொம்பள! வா, போலீஸுக்குப் போலாம். அக்கவுண்டு நம்பரு கீது, ஒரே அமுக்கு...

– திருட்டுப் பொம்பளன்னு சொல்லாதீங்க, கேட்டா வருத்தப்படுவா. எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. அவ பேர பத்து வாட்டி சொல்லிகீறேன், நீங்கதான் காதுலயே வாங்கினதில்ல.

– உங்க ஆபீஸா! அவ கைக்கு எப்டிப் போச்சு?

– போகல. அக்கவுண்டு மட்டும்தான் அவளுது. படத்த கிட்ட வந்து பாருங்க. அந்த விரல.

– விரல்ல இன்னா?

– நகத்துக்குக் கீழ தழும்பு தெரியுதா? இப்ப தோ... இதப் பாருங்க.

– ...ஐயோ.

– உங்க யூனிஃபாரத்தத் தேய்க்கும்போது சுட்டுகினது. காசு நம்பரு எட்டும் தலைகீழா தெரியுது. பதினஞ்சு வருஷமா சோறு போடற விரலு அடையாளம் தெரியல.

– நீயா? என் காச எனக்கே விக்கறியா நீ?

– வித்துட்டேன்னு சொன்னது யாரு? டப்பாவ ஒழிக்கும்போது கெடைச்சுது. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. நேரா கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. சரி, நீங்க தெனம் மேயற சைட்டுலயே போட்டா அலறிகினு வந்து உண்மையச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்... நீங்க ராமானுஜம் சாரக் கூட்டிகினு வரீங்க.

– நேரா அக்கவுண்டுல போடச் சொன்னதும் நீதானா?

– நான்தான். ஏமாறுவீங்களான்னு பாத்தேன். அரை நிமிஷம் கூட யோசிக்கல நீங்க.

– தப்புதான். ஒத்துக்கறேன். இனிமே சைட்டுலயே கட்டறேன், மூணு பர்சென்ட்டும் அழறேன், நம்பரும் பாக்கறேன். போதுமா?

– காசு பீரோவுல என் பொடவைக்குக் கீழ கீது. எடுத்துக்குங்க. இனிமே ஒளிக்க வாணாம், அனுகிட்டயும் காட்டுங்க.

– ...ஜாய்ஸு.

– ம்?

– வாங்கறது நான்தான்னு உனக்கு எப்டித் தெரியும்?

– டெலிவரி அட்ரஸு. 'ஜெரோம், டிரைவர், கேர் ஆஃப் செக்யூரிட்டி ஆபீஸ், மறைமலைநகர்.'

– ஓ... அப்ப நான் போட்ட மெயிலெல்லாம்...

– எனக்குத்தான் வந்துச்சு.

– எல்லாமேவா? அந்த... வெலய குறைக்கச் சொல்லி எழுதுனது?

– அதான் மொதல்ல படிச்சேன்.

– ஜாய்ஸு, இங்க பாரு, அது வியாபாரத்துக்காக... மனசார எழுதல...

– 'என் அன்பு மனைவி ஜாய்ஸ் ஆறு மாதத்துக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள், அவள் ஞாபகார்த்தமாக வாங்குகிறேன், பார்த்துப் போட்டுக் கொடுங்கள்'... படிச்சிட்டு எனக்கே அழுக வந்துடுச்சுங்க, ஆயிரம் ரூபா குறைக்காம இன்னா பண்றது?