போனை வெச்சிடாதடா

— வெச்சிடாதடா செலமான். இன்னும் ஒரு நிமிஷம், கேளேன்.

— ம்மா, இதையே எட்டு தடவ சொல்லிட்ட. பேட்டரி ரெண்டு கோடுதான் இருக்கு. என்கிட்ட போன் இருக்குன்னு எங்க தலைவன் அமீருக்குத் தெரிஞ்சா கைய வெட்டிடுவான்.

— அவன் இப்ப எங்க இருக்கான்?

— அஸர் தொழுதுட்டுப் படுத்திருக்கான். அதெல்லாம் நீ எதுக்குக் கேக்கற?

— எதுக்குக் கேப்பாங்க? பதினாலு மாசமா புள்ள எங்கன்னு தெரியாம அகதி முகாம்ல கெடக்கறவ வேற என்னத்தக் கேப்பா? போன வாரம் நீயாதானே இந்த நம்பர்லேருந்து கூப்பிட்ட? "உசுரோட இருக்கேன்மா"ன்னு சொல்லிட்டு டக்குனு வெச்சுட்ட. அன்னிலேருந்து எனக்கு சோறு எறங்கல.

— சரி சரி. அழாத.

— நான் எங்க அழறேன்? நீ சாப்டியா?

— பச்ச மரவள்ளி. நாலு நாளா அதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்ம நாட்டுப் பட்டாளம், இந்தப் பக்கம் அவங்களுக்கு உதவ வந்த ருவாண்டாக்காரங்க. நடுவுல நாங்க மாட்டிக்கிட்டோம். நெருப்பு மூட்டினா புகை தெரியும்னு எதையும் வேக வைக்கக்கூட விடறதில்ல.

— அப்ப கையத் தூக்கிட்டு ருவாண்டாக்காரங்ககிட்டப் போயிடேன்டா. அவங்க நமக்குப் புரியற சுவாஹிலி பேசறாங்களாம். சரணடைஞ்சா சுட மாட்டாங்களாம்.

— யாரு சொன்னா?

— ரேடியோல சொல்றாங்க.

— ரேடியோ! போன மாசம் எங்ககூட இருந்த பக்காரும் இன்னொருத்தனும் அதக் கேட்டுட்டுதான் கெளம்பினாங்க. ஆத்துல எறங்கறதுக்குள்ள எங்க ஆளுங்களே பின்னாலேருந்து சுட்டுட்டாங்க. நீ பேசறது ஒரு மாதிரியா இருக்கு. பக்கத்துல யாராவது இருக்காங்களா?

— கோழிதான் மேயுது. யாரு இருப்பா எனக்கு? உங்கப்பா கடலோட போயிட்டாரு. உங்க மாமா அஸ்ஸான...

— மாமா பேச்ச எடுக்காத.

— ஏன், எடுத்தா என்ன? இன்னிக்குக் கேட்டுடறேன். மாமா வீட்ட எரிச்ச கூட்டத்துல நீ இருந்தியா?

— ம்மா...

— இருந்தியா இல்லையா?

— இருந்தேன். தீ நான் வைக்கல.

— அணைச்சியா?

— எல்லாரும் பாத்துக்கிட்டுதான் நின்னாங்கம்மா.

— அணைச்சியான்னு கேக்கறேன்.

— இல்ல.

— உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போயி படகு காட்டினவரு அவரு. உள்ளேருந்து கதவத் தட்டித் தட்டிக் கத்தினாராம். எங்கக்கா புள்ள வெளிய நிக்கறான், அவன் தொறப்பான்னு உங்கத்தைகிட்ட சொன்னாராம். அவ ஜன்னல் வழியா குதிச்சு வந்து எங்கிட்ட சொன்னா.

— அது எனக்குக் கேட்டுச்சும்மா. இன்னிக்கும் கேக்குது. பக்கத்துல நின்னவன் துப்பாக்கிய என் முதுகுல வெச்சிருந்தான். என்ன பண்றதுன்னு தெரியல. என்னத் திட்டத்தான் நீ கூப்பிட்டன்னா திட்டிக்கோ. நான் வெச்சிடறேன்.

— வேணாம், வேணாம், வெச்சிடாத! நான் இனிமே கேக்கல. வேற பேசலாம். நீ எங்க நின்னு பேசற?

— நிக்கல. முந்திரி மரத்து மேல உக்காந்திருக்கேன். இங்கதான் சிக்னல் கெடைக்குது. கீழ இருக்கறவங்களப் பாத்துக்கறதுதான் இப்ப என் வேல.

— கீழ யாரு?

— புடிச்சுக்கிட்டு வந்த பொம்பளைங்க. பதினேழு பேரு. கொழந்தைங்க தனி.

— என்னடா சொல்ற? அங்க பொம்பளைங்க இருக்காங்களா?

— நம்ம பக்கத்து வீட்டு முவானாஷாகூட இங்கதான் இருக்கா. பத்து நாளாச்சு, ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. அவளுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வந்து குடுக்கறது நான்தான். உங்கம்மாகிட்ட பேசினா எங்கம்மாகிட்ட சொல்லச் சொல்லுன்னு அழுவா.

— யா அல்லா. அவங்கம்மா இங்க மூணாவது கூடாரத்துல இருக்கா. மக செத்துட்டான்னு பாத்திஹா ஓதி முடிச்சாச்சுடா!

— சாகல. புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா, இதோ எனக்கு நேர் கீழ.

— நேர் கீழயா? உன் மரத்துக்கா?

— ஆமா, நெழல் இங்கதானே இருக்கு. எல்லாரும் இங்கதான் படுத்திருக்காங்க.

— ஏன்டா இத மொதல்லயே சொல்லல?

— நீ சாப்டியா தூங்கினியான்னுதானே கேட்டுக்கிட்டு இருந்த. இரு, இரு... மேல என்னமோ சத்தம். வண்டு மாதிரி ரீங்காரம். கண்ணுக்குத் தெரியல, ஆனா சுத்திச் சுத்தி இங்கயேதான் வருது.

— செலமான்.

— என்னம்மா?

— அது குண்டு போட வந்த ட்ரோன்டா, அந்தப் போன மரத்துலயே விட்டுட்டு எறங்கு. முவானாஷா, புள்ள, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஆத்துப்பக்கம் ஓடு. என் கையப் புடிச்சு இழுக்கறாங்க, சீக்கிரம் கேளு. பட்டாளத்துக் கேப்டன் என் எதிர்லதான் உக்காந்திருக்காரு. நீ இருக்கற எடத்தக் கண்டுபுடிக்கற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கேன்னு நான்தான்டா ஒத்துக்கிட்டேன்.